செல்லின் காலடியில் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஆதி செல்) பற்றி எழுதும்போது, "ஒரு செல் என்னவாக மாறும் என்பதில் அதன் மரபணுவுக்கு எவ்வளவு பங்கோ, அது உட்கார்ந்திருக்கும் பரப்புக்கும் அவ்வளவு பங்கு உண்டு" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதக் கடிதங்களில் பாதி. வேலைக்காலம் முழுவதும் செல் வளர்த்தவள் என்பதால் எனக்கும் இது பிடித்த பேச்சு. சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திசு என்றால் செல்களின் கூட்டம் என்றுதான் பாடப் புத்தகத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். செல்லுக்கு வெளியே அப்படி என்ன இருக்கிறது?
– பள்ளி ஆசிரியர், கரூர்

செல்களை மட்டும் வைத்து உடம்பைக் கட்டியிருந்தால் நாம் எழுந்து நிற்க முடியாது சார். செல்களைச் சுற்றி, அவையே சுரந்து பின்னிய ஒரு வலை இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் 'மேட்ரிக்ஸ்' என்போம். கொலாஜன், லாமினின், ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்களும், ஹயலூரோனன் என்கிற, தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்தது அது. எலும்பில் அதில் கால்சியம் ஏறி இறுகியிருக்கும். மூளையில் கொழகொழவென்று இருக்கும். தோல், குடல், மார்பகச் சுரப்பி போன்ற இடங்களில் மேற்புறச் செல்களுக்கு அடியில் மெல்லிய விரிப்பாக ஒன்று ஓடும். அதற்கு அடித்தளச் சவ்வு என்று பெயர். கீழே இந்தப் பெயர் அடிக்கடி வரும்.

உடம்பின் மொத்தப் புரதத்தில் சுமார் 30 சதவீதம் கொலாஜன்தான். அதன் மூன்று இழை முறுக்கை அவிழ்த்துக் காட்டியது நம் கிண்டியில். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதை வெளியிட்டார்கள். எக்ஸ்-ரே படம் எடுக்க நல்ல கொலாஜன் வேண்டுமே? பக்கத்தில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநார் வந்தது. உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், கொலாஜன் மறக்காது.

செல் இந்த வலையைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிப்பது இன்டெக்ரின் என்ற புரதம். மனிதரில் 24 வகை உண்டு. ஒரு முனை வெளியே மேட்ரிக்ஸில், மறு முனை செல்லுக்குள். ஃபைப்ரோநெக்டின் போன்ற பெரிய புரதத்தில் சில இன்டெக்ரின்கள் தேடுவது மூன்றே மூன்று அமினோ அமிலங்களைத்தான்: அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம், அதே வரிசையில். 1984-இல் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் இதைக் கண்டுபிடித்தார்கள். பிடி விட்டுப்போனால் பெரும்பாலான சாதாரணச் செல்கள் தாமாகவே செத்துப்போகும். பிடிமானம் இல்லாமலும் பெருகுவது புற்றுச் செல்லின் குணம். அதனால்தான் ஒரு செல் புற்றாக மாறிவிட்டதா என்று பார்க்க, ஒட்டிக்கொள்ள இடமே தராத மென்மையான அகார் (கடற்பாசி) கூழில் போட்டு, உருண்டையாக வளர்கிறதா என்று இன்றும் பார்க்கிறோம்.

பரப்பு கடினமாக இருந்தால் ஸ்டெம் செல் எலும்பாகும், மென்மையாக இருந்தால் நரம்பாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நம்பலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பெரும்பகுதி நம்பலாம். வீடியோக்காரர் சொன்னது 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் டிஷரின் ஆய்வுக்கூடத்தில் ஆடம் எங்லரும் மற்றவர்களும் செய்த சோதனை. பாலிஅக்ரிலமைடு ஜெல்லைப் பல கடினங்களில் செய்தார்கள். எல்லாவற்றின் மேலும் ஒரே கொலாஜனைப் பூசினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த ஒரே ஸ்டெம் செல்களை, ஒரே ஊட்டத் திரவத்தில், எல்லாவற்றிலும் விட்டார்கள். மாறியது ஜெல்லின் இறுக்கம் மட்டும். மூளை அளவு மென்மையில், அதாவது 0.1 முதல் 1 கிலோபாஸ்கலில் (கடினத்தை அளக்கும் அலகு இது), செல்கள் கிளை விட்டு நரம்பு போல ஆயின. 8 முதல் 17-இல் தசையைப் போல நீண்டன. 25 முதல் 40-இல் எலும்புக்கான புரதங்களைச் செய்ய ஆரம்பித்தன.

செல்லுக்குக் கண்ணா இருக்கிறது, கடினத்தை எப்படி அறியும்? இழுத்துப் பார்த்துத்தான். சேற்று வயலில் கால் வைப்பதும் தார் ரோட்டில் கால் வைப்பதும் நமக்கு எப்படித் தெரிகிறதோ அப்படித்தான். உள்ளே ஆக்டின் இழைகளும் மயோசின் மோட்டார்களும் இன்டெக்ரின் வழியாகப் பரப்பை இழுக்கின்றன. பரப்பு நெகிழ்ந்து கொடுத்தால் இழுவை தளர்ந்துவிடும். கொடுக்காவிட்டால் இழைகள் விறைத்து நிற்கும். அப்படி விறைத்தால் யாப் என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்ப் பல மரபணுக்களை முடுக்கும். யாப் விஷயம் 2011-இல் இத்தாலியின் பாதுவா நகரத்துக் குழு கண்டது. எங்லர் குழு மயோசினை மருந்தால் நிறுத்தியதும் செல்லுக்குக் கடினம் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

'பெரும்பகுதி' என்றதற்குக் காரணம் உண்டு. 'நரம்பு போல' என்பது வேறு, வேலை செய்யும் நரம்பு என்பது வேறு. இன்னொன்று, 2012-இல் ஒரு குழு வந்து, செல்லுக்குத் தெரிவது ஜெல்லின் கடினம் அல்ல, கொலாஜன் எத்தனை இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே என்றது. 2014-இல் எங்லர் தரப்பு, கட்டும் இடங்களை மாற்றியும் கடினம்தான் தீர்மானிக்கிறது என்று பதில் கொடுத்தது. என் ஓட்டு எங்லருக்கு. ஆனால் கடினம் ஒன்றே எல்லாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 2004-இல் ஒரு சோதனையில் செல் உட்காரும் திட்டின் அளவை மட்டும் மாற்றினார்கள். சிறிய திட்டில் குறுகி உருண்ட ஸ்டெம் செல் கொழுப்புச் செல் ஆனது, பெரிய திட்டில் கால் நீட்டிப் படர்ந்தது எலும்புப் பக்கம் போனது.

இவ்வளவுக்கும் நாம் செல் வளர்க்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் டிஷ் சுமார் 30 லட்சம் கிலோபாஸ்கல். உடம்பில் எந்தச் செல்லுக்கும் அப்படி ஒரு தரை கிடையாது. 2010-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவ் குழு, எலியின் தசை ஸ்டெம் செல்லைத் தசையின் அளவே கடினமுள்ள 12 கிலோபாஸ்கல் ஜெல்லில் வளர்த்தபோது அது ஸ்டெம் செல்லாகவே நீடித்தது. பிளாஸ்டிக்கில் வளர்த்தது அந்தத் தன்மையை இழந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் நெடுநாள் இருந்த செல்லைப் பிறகு மென்மையான ஜெல்லுக்கு மாற்றினாலும் பழைய கடினத்தை அது சீக்கிரம் மறப்பதில்லை என்று 2014-இல் கொலராடோவில் பார்த்தார்கள். ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது முதலில் 'செல்லை எதில் வளர்த்தார்கள்' என்ற பத்திக்குப் போவது என் வழக்கம்.

ஃபைப்ரோஸ்கேன் எடுத்ததில் 9.6 கிலோபாஸ்கல் என்று வந்திருக்கிறது. டயருக்குக் காற்று பார்க்கும் அளவு மாதிரி இருக்கிறதே! கல்லீரலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், கோயம்புத்தூர்

அலகு ஒன்றுதான், அளப்பது வேறு. அந்தக் கருவி விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் குத்து குத்தி, அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அல்ட்ராசவுண்டால் பார்க்கிறது. இறுகிய திசுவில் அதிர்வு வேகமாகப் போகும். பொதுவாக 7-க்குக் கீழே இருந்தால் கவலைப்பட மாட்டார்கள். 12.5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) என்று சந்தேகிப்பார்கள். நோய்க்கு நோய் இந்த எல்லை மாறும் என்பதால் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சாப்பிட்டுவிட்டுப் போனீர்களா? சாப்பாட்டுக்குப் பிறகு அளவு கூடிக் காட்டும். குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.

இனி என் பேட்டைக்கு வருகிறேன். கல்லீரலில் ஸ்டெல்லேட் செல் என்று ஒன்று உண்டு. நல்ல நாளில் வைட்டமின் ஏ-யை எண்ணெய்த் துளிகளில் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும். மதுவோ, கொழுப்போ, ஹெபடைடிஸ் கிருமியோ கல்லீரலைப் புண்படுத்தினால் அது விழித்து எழுந்து கொலாஜனைக் கொட்ட ஆரம்பிக்கும். கொலாஜன் சேர்ந்தால் கல்லீரல் இறுகும். இறுகிய இடம் இன்னும் பல ஸ்டெல்லேட் செல்களை எழுப்பும். சுற்றிச் சுற்றி வரும் வினை. இதைப் பார்க்க நோயாளி கூடத் தேவையில்லை. ஆரோக்கியமான கல்லீரலிலிருந்து இந்தச் செல்லை எடுத்து வெறும் பிளாஸ்டிக் டிஷ்ஷில் விட்டால், சில நாளில் அதன் எண்ணெய்த் துளிகள் மறைந்து, தட்டையாகி, கொலாஜன் செய்ய ஆரம்பித்துவிடும். கல்லீரல் புற்றில் பெரும்பாலானவை சிரோசிஸ் வந்த கல்லீரலில்தான் வருகின்றன. ஆறுதலான செய்தியும் உண்டு. காரணத்தை நிறுத்தினால், மதுவை விட்டால், எடை குறைந்தால், கிருமியை மருந்தால் ஒழித்தால், தழும்பு ஓரளவு கரையும்.

என் அக்காவின் மார்பில் இருந்த கட்டி கல் மாதிரி இருந்தது. டாக்டர் தொட்டதுமே முகம் மாறினார். புற்றுக்கட்டி ஏன் இப்படி இறுகுகிறது? இறுகியதால் புற்று வந்ததா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

உங்கள் அக்கா இப்போது சிகிச்சையில் இருப்பார் என்று நினைக்கிறேன், அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

கட்டி கையில் கல்லாகப் படுவதற்குப் பெரும் காரணம் அதைச் சுற்றியுள்ள மேட்ரிக்ஸ். கட்டியும் அதன் அக்கம்பக்கத்துச் செல்களும் கொலாஜனைக் கூடுதலாகப் போடுகின்றன. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி அந்த இழைகளை ஒன்றோடொன்று தைத்து இறுக்குகிறது. எலியில் அளந்தபோது சாதாரண மார்பகத் திசு சுமார் 0.17 கிலோபாஸ்கல், கட்டி சுமார் 4. இருபது மடங்குக்கு மேல்.

'இறுகியதால் வந்ததா' என்பது நல்ல கேள்வி. வேலரி வீவரின் குழு 2005-இல், மார்பகச் செல்களை மென்மையான ஜெல்லில் வளர்த்தால் நடுவில் குழி விட்ட அழகான உருண்டைகளாக அடுக்கி நிற்பதையும், ஜெல்லை இறுக்கினால் அந்த ஒழுங்கு கலைந்து பெருகத் தொடங்குவதையும் காட்டியது. 2009-இல் எலிகளில் அந்தத் தைக்கும் நொதியைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன, தாமதமாயின. ஆகவே இறுக்கம் விளைவு மட்டும் அல்ல, துணைக் குற்றவாளியும்கூட. தனியாகக் குற்றம் செய்யுமா என்றால், மரபணுவில் பழுது வேண்டும், அதற்கு இடம் கொடுக்கும் சூழலும் வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கு: மெத்தென்று இருக்கும் கட்டி எல்லாம் நல்லது, கல் மாதிரி இருப்பதெல்லாம் புற்று என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு. புதிதாக எது தட்டுப்பட்டாலும் காட்டிவிடுங்கள்.

புற்றுச் செல்லைக் கொல்லாமல் திருத்தி நல்ல செல் ஆக்க முடியுமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நாகர்கோவில்

இதற்குப் பதில் சொல்லக் கோழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1911-இல் நியூயார்க்கில் பெய்டன் ரூஸ், கோழியின் கட்டியை அரைத்து, செல் எதுவும் தங்காதபடி வடிகட்டி, வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. உள்ளே இருந்தது ஒரு வைரஸ். நோபல் பரிசு 1966-இல்தான் அவருக்குக் கிடைத்தது. அந்த வைரஸ் கொண்டுவருவது ஒரே ஒரு புற்று மரபணு. அது உள்ளே போனால் போதும், செல் கெட்டுவிடும் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்.

ஈரானில் பிறந்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வேலை செய்த மினா பிஸ்ஸெல் இதைக் கிண்டினார். அவரும் டோல்பர்க்கும் அதே வைரஸைக் கோழியின் கருவுக்குள் செலுத்தினார்கள். வைரஸ் பரவியது, புற்று மரபணு வேலையும் செய்தது, கட்டி மட்டும் வரவில்லை! 1984-இல் வெளிவந்த சோதனை இது. அதே கருவின் செல்களைப் பிரித்து டிஷ்ஷில் போட்டதும் அவை புற்றுச் செல்களாகக் கிளம்பிவிட்டன. வளர்ந்த கோழியில் இன்னும் விசித்திரம். ஒரு இறக்கையில் வைரஸ் ஊசி போட்டு, மறு இறக்கையில் காயம் செய்தால், காயம் பட்ட இடத்திலும் கட்டி வந்தது. காயம் என்றால் மேட்ரிக்ஸ் கிழிந்து மறுபடி பின்னப்படும் இடம்.

1997-இல் பிஸ்ஸெல் கூடத்தில் வீவர் (மேலே சொன்ன அதே வீவர்தான்) மார்பகப் புற்றுச் செல்களை அடித்தளச் சவ்வு போன்ற ஜெல்லில் வளர்த்து, பீட்டா-1 இன்டெக்ரினை ஓர் ஆன்டிபாடியால் (குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம்) அடைத்தார். கண்டபடி குவிந்து கிடந்த செல்கள் திரும்பி, மேல் கீழ் தெரிந்து, வட்டமாக அடுக்கிக்கொண்டு, பெருகுவதை நிறுத்தின. மரபணுப் பழுது எதுவும் சரியாகவில்லை, எல்லாம் அப்படியே இருந்தது. ஆன்டிபாடி இல்லாமல் மறுபடி விதைத்தால் பழைய ரௌடித்தனம் திரும்பியது.

ஆகவே, திருத்த முடியும், ஆய்வுக்கூட ஜெல்லில், பிடித்து வைத்திருக்கும் வரை. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக அது ஆகவில்லை. யாராவது 'புற்றுச் செல்லை நல்ல செல்லாக மாற்றுகிறோம்' என்று பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

கொலாஜன் பவுடர் சாப்பிட்டால் இந்த மேட்ரிக்ஸ் பலப்படுமா?
– வாசகி, சென்னை

வயிற்றுக்குள் போன கொலாஜன் அமினோ அமிலங்களாகவும் துண்டுகளாகவும் உடைந்துதான் இரத்தத்துக்குப் போகும். 'நான் கொலாஜனாக இருந்தேன், முழங்காலுக்குப் போகிறேன்' என்று அது சொல்லாது. உடம்பு கொலாஜன் செய்ய வைட்டமின் சி கட்டாயம் வேண்டும், அது இல்லாமல்தான் அந்தக் காலத்து மாலுமிகளுக்கு ஈறு அழுகியது. நெல்லிக்காய் மலிவு.

வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கியதில் என் பேரன் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். ஸ்டெம் செல் வைத்துச் சரி செய்யலாம் என்கிறார்கள். உண்மையா, ஏமாற்றா?
– வாசகர், மதுரை

ஸ்டெம் செல் என்ற பெயரில் ஊரெங்கும் நடக்கும் வியாபாரத்தில் பெரும்பாலானது நிரூபிக்கப்படாதது. இது அப்படியல்ல. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த விளிம்பைச் சுட்டுவிட்டால் வெள்ளைப் பகுதியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழி மேல் ஏறிவிடும்.

ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2001 முதல் இதற்குச் சிகிச்சை செய்து வருகிறது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளியூண்டு திசு எடுத்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மேல் வைத்து வளர்த்து, படர்ந்த விரிப்பைப் பழுதான கண்ணில் பொருத்துவார்கள். ஏன் பனிக்குடச் சவ்வு? அதில் லாமினினும் கொலாஜனும் உள்ள அடித்தளச் சவ்வு தயாராக இருக்கிறது. கருவிழிச் செல்லுக்கு அது பழகிய தரை. 2012-இல் அவர்களே இன்னும் எளிதாக்கினார்கள். எடுத்த துணுக்கைச் சிறு சிறு துண்டாக்கி, கண்ணின் மேலேயே விரித்த சவ்வில் நேராக ஒட்டிவிடுவது, ஆய்வுக்கூடமே வேண்டாம். பேரனுக்கு மறு கண் நன்றாக இருப்பதால் வாய்ப்பு உண்டு. கருவிழி நிபுணரிடம் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கு: சுண்ணாம்பு பட்டால் அந்த நிமிடமே இமையை விரித்துக் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பாக்கெட்டைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மேட்ரிக்ஸ்தான் புற்றுக்கு உதவுகிறது என்றால் அதைக் கரைத்துவிட்டால் என்ன?
– பொறியாளர், ஓசூர்

பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விதான். செய்தும் பார்த்துவிட்டார்கள். கணையப் புற்றில் ஹயலூரோனன் அடைத்துக்கொண்டு மருந்தை உள்ளே விடுவதில்லை என்று, அதைக் கரைக்கும் நொதியை மருந்தோடு சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனை 2019-இல் தோற்றது. அதற்கு முன்பு, 2014-இல், எலியின் கணையக் கட்டியைச் சுற்றி நார் போடும் செல்களை அடியோடு ஒழித்தபோது கட்டி இன்னும் மூர்க்கமாகி, எலிகள் சீக்கிரம் செத்தன. அந்தச் சுவர் கட்டியைக் காப்பதும் உண்டு, அடக்கி வைப்பதும் உண்டு. எதிர்ப் பக்கம், மேட்ரிக்ஸை வெட்டும் நொதிகளைத் தடுக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மாத்திரைகளைத் தொண்ணூறுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, மூட்டு வலி மட்டும் மிச்சம்.

எங்கள் கல்லூரியில் மேட்ரிஜெல் வாங்கப் பணம் இல்லை. ப்ராஜெக்டுக்கு முப்பரிமாண வளர்ப்பு செய்ய வேண்டும். வழி சொல்லுங்கள் மேடம்.
– எம்.எஸ்ஸி. மாணவி, திருநெல்வேலி

மேட்ரிஜெல் என்பது ஒரு வகை எலிக் கட்டியிலிருந்து பிழிந்தெடுத்த அடித்தளச் சவ்வுச் சாறு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். விலையை விடு, அதை வைத்துக்கொள்வதே தவம். இரவே ஐஸ் பெட்டியில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் உருக விட வேண்டும், டிப்பு, ட்யூப் எல்லாம் குளிர வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டிப்புக்குள்ளேயே உறைந்து நிற்கும். 1,800-க்கும் மேற்பட்ட புரதங்கள் அதில் கலந்து கிடக்கின்றன, பேட்ச்சுக்கு பேட்ச் மாறும். ஸ்டெம் செல் வளர்ப்பவர்கள் விட்ரோநெக்டின், லாமினின்-521 என்று தனிப் புரதங்களுக்கு மாறிக்கொண்டிருப்பது அதனால்தான். அவையும் மலிவில்லை.

உன் வேலைக்கு எலி வால் கொலாஜன் போதும், அதை நீயே எடுக்கலாம். வாலை ஆல்கஹாலில் நனைத்து, தோலை உரித்து, வெள்ளை நூலாக வரும் தசைநார்களை உருவிக்கொள். 0.02 மோலார் அசிட்டிக் அமிலத்தில் போட்டு, 4 டிகிரியில் ஓரிரு நாள் மெதுவாகக் கலங்க விடு. பிறகு சென்ட்ரிஃப்யூஜ் செய்து, மேலே தெளிந்த பிசுபிசுப்பை எடுத்துக்கொள். ஜெல் வேண்டும்போது ஐஸின் மேலேயே பத்து மடங்கு மீடியம் சேர்த்து, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு, மீடியத்தின் மஞ்சள் நிறம் வெளிர் ரோஜாவாகும் இடத்தில் நிறுத்து. கடைசியில் செல்லைக் கலந்து 37 டிகிரியில் வைத்தால் அரை மணியில் உறையும். குமிழி வராமல் கலக்கு, குமிழி இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது.

கொலாஜன் ஜெல்லில் லாமினின் இருக்காது. அதனால் மார்பகச் செல் மேட்ரிஜெல்லில் கட்டும் அதே உருண்டையை இதில் எதிர்பார்க்காதே. புற்றுச் செல் ஊடுருவிப் போவதைப் பார்க்க மட்டும் இதுவே பொருத்தம். வாலுக்காகத் தனியாக எலியைக் கொல்ல வேண்டாம். உங்கள் ஊர் மருந்தியல் கல்லூரியில் அனுமதி பெற்ற வேறு சோதனை முடிந்த எலிகளின் வாலைக் கேட்டு வாங்கு, முடித்த அன்றே மைனஸ் 20-இல் போட்டு வைக்கச் சொல்.